பார்மட் அடிப்பதற்கு முன்னால்: கணினி கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பல்லவிதான். கம்ப்யூட்டர் ஸ்லோ, கடைக்காரர் பார்மட் அடிக்கச் சொல்கிறார், அதாவது டிஸ்க்கை அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடச் சொல்கிறார், அடிக்கலாமா? விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியதும் ஒரு காரணம். பழைய கணினியைத் தூக்கிப் போடுவதா, வைத்து ஓட்டுவதா என்று பல வீடுகளில் பட்டிமன்றமே நடக்கிறது போலிருக்கிறது. அதனால் பிரிண்டர், வைஃபை கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: 2017-ல் வாங்கிய டெஸ்க்டாப். ஐ3 ஏழாம் தலைமுறை, 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. பவர் பட்டனைத் தட்டிவிட்டுப் போய்க் காபி குடித்துவிட்டு வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒரே வருடத்தில் இரண்டு முறை பார்மட் அடித்தாகிவிட்டது. ஒரு மாதம் பறக்கும், அப்புறம் பழைய கதைதான். மூன்றாவது முறையும் அடிக்கலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கோவில்பட்டி

வேண்டாம் சார். முதலில் எது மூச்சு வாங்குகிறது என்று பார்த்துவிடுவோம். அதற்குத் தனியாக எந்த சாப்ட்வேரும் தேவையில்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். சிபியு, மெமரி, டிஸ்க் என்று வரிசையாகத் தலைப்புகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு சதவீதம். கணினி திணறிக்கொண்டிருக்கும் அந்த நேரத்திலேயே பாருங்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் சிபியு பத்து, பதினைந்தில் சும்மா இருக்கும், டிஸ்க் மட்டும் 100-ல் போய் நிற்கும் என்றுதான் நினைக்கிறேன். அப்படி இருந்தால் குற்றவாளி விண்டோஸ் இல்லை, ஹார்டு டிஸ்க்.

ஹார்டு டிஸ்க் என்பது சுற்றும் தட்டு, அதன் மேல் அலையும் ஒரு முள். ஒரு பெரிய சினிமாவை நேராகப் படித்துக்கொண்டே போவதில் அதற்குப் பிரச்சினை இல்லை. ஆனால் கணினி ஆரம்பிக்கும்போது நடப்பது அது அல்ல, ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளை இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று எடுக்க வேண்டும், ஒவ்வொரு தாவலுக்கும் முள் நகர்ந்து தட்டு சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். நொடிக்கு நூறு தாவல் என்றாலே அதற்குப் பெரிய விஷயம். ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக வந்த எஸ்எஸ்டி-யில் முள்ளும் இல்லை, தட்டும் இல்லை, அதே வேலையை நொடிக்குப் பல்லாயிரம் முறை செய்யும். விண்டோஸ் 10-ம் 11-ம் பின்னணியில் எப்போதும் ஏதாவது ஒன்றைச் செய்துகொண்டே இருக்கும். அப்டேட் இறக்கும், கோப்புகளை அட்டவணை போடும், டிஃபெண்டர் வைரஸ் தேடும். இவை எல்லாம் சேர்ந்தால் அந்த முள் பாவம் என்ன செய்யும்?

பார்மட் அடித்ததும் ஒரு மாதம் பறந்த ரகசியமும் இதுதான். புதிதாகப் போட்ட விண்டோஸில் பின்னணியில் ஓட ஆள் குறைவு. அப்புறம் கடைக்காரர் போட்டுக் கொடுத்த இருபது சாப்ட்வேரும் ஒவ்வொன்றாகத் தன் அப்டேட்டரை எழுப்பிவிடும், பழைய நிலை திரும்பிவிடும்.

ஆக, செலவு செய்வதாக இருந்தால் 256 அல்லது 512 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்று வாங்குங்கள், விண்டோஸை அதில் புதிதாகப் போடச் சொல்லுங்கள், பழைய ஹார்டு டிஸ்க்கை போட்டோ, வீடியோ வைக்க அப்படியே உள்ளே விட்டுவிடுங்கள். பழைய டிஸ்க்கை அப்படியே எஸ்எஸ்டி-க்குக் காப்பி எடுத்துத் தருகிறேன் என்பார்கள். தப்பில்லை, ஆனால் இத்தனை வருடக் குப்பையும் கூடவே வரும். ராமை 16 ஆக்குங்கள் என்று யாராவது சொன்னால் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், மெமரி சதவீதம் எப்போதும் 85, 90-ஐத் தாண்டி நின்றால்தான் அந்தச் செலவுக்கு அர்த்தம் உண்டு. ஒன்று மட்டும் அவசரம்: டிஸ்க்கில் இருந்து டக் டக் என்று சத்தம் கேட்டால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முதலில் பேக்கப் எடுங்கள். அந்த நிலையில் பார்மட் அடிப்பது, இருப்பதையும் இழக்கிற வழி.

கேள்வி: மகளுக்குக் கல்லூரிக்காகப் புது லேப்டாப் வாங்கினோம். பெட்டியைத் திறந்த அன்றே நாற்பது, ஐம்பது ஆப் உள்ளே இருந்தது. எதை நீக்கலாம், எதைத் தொடக் கூடாது?
– வாசகி, திண்டுக்கல்

புது லேப்டாப்பில் முதல் வேலையே இதுதான், பலர் செய்வதில்லை. செட்டிங்ஸ் போய், ஆப்ஸ், அதற்குள் இன்ஸ்டால்டு ஆப்ஸ். பட்டியலைத் தேதிவாரியாக அடுக்குங்கள், கம்பெனியில் ஏற்றியவை எல்லாம் ஒரே தேதியில் கூட்டமாக நிற்கும்.

முதலில் போக வேண்டியது முப்பது நாள், தொண்ணூறு நாள் சோதனைக்காக வைக்கப்பட்ட ஆன்டிவைரஸ். அது இருக்கும்வரை விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் ஒதுங்கி நிற்கும், சோதனைக் காலம் முடிந்ததும் பணம் கட்டு பணம் கட்டு என்று நச்சரிப்பு ஆரம்பிக்கும். நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் டிஃபெண்டர் தானாகவே வேலையில் சேர்ந்துவிடும், வீட்டு உபயோகத்துக்கு அதுவே போதும். சில ஆன்டிவைரஸ்கள் சாதாரணமாக நீக்கினாலும் வேரை விட்டுவிட்டுப் போகும், அவற்றுக்கு அந்தந்த நிறுவனமே தனி நீக்கும் கருவி வைத்திருக்கிறது, அவர்களுடைய தளத்திலேயே இறக்கிக்கொள்ளுங்கள். அப்புறம் விளையாட்டுகள், ஷாப்பிங் ஆப்கள், பெயரே கேள்விப்படாத போட்டோ எடிட்டர், ‘பூஸ்டர்’ என்று பெயர் முடியும் எதுவும். யோசிக்காமல் நீக்கலாம்.

தொடக் கூடாதவை: விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் என்று ஏழெட்டு வரிகள் இருக்கும், ஒரே பொருள் இத்தனை முறையா என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு மென்பொருளும் அதில் ஒரு குறிப்பிட்ட பதிப்பைத் தேடும், ஒன்றை எடுத்தால் வேறு ஏதோ ஒன்று திறக்காமல் போகும். டாட்நெட், வெப்வியூ2, ரியல்டெக், இன்டெல், ஏஎம்டி என்று தொடங்குபவை எல்லாமும் இந்தக் கணக்குதான். லேப்டாப் நிறுவனத்தின் சொந்த ஆப் நாலு இருந்தால், டிரைவரும் (கணினியின் பாகங்களை இயக்கும் மென்பொருள்) பயாஸும் (கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்யும் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனியே போட்டுத் தந்ததுதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விடுகிறவர்களுக்காக ஒரு பழைய சம்பவம். 2014 கடைசியில் லெனோவோ தன் சில வீட்டு உபயோக லேப்டாப்களில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருளை ஏற்றி விற்றது. பாதுகாப்பான இணைப்பு என்று நாம் நம்பும் தளங்களுக்குள்ளும் அது நடுவில் புகுந்து விளம்பரம் செருகியது, அதற்காகத் தன் சொந்தச் சான்றிதழையே கணினியில் பதித்து வைத்திருந்தது. எல்லாக் கணினிகளிலும் ஒரே சாவி என்பதால் யார் வேண்டுமானாலும் பொய்யான வங்கித் தளத்தை உண்மை போலக் காட்டிவிடலாம் என்ற நிலை. 2015 பிப்ரவரியில் விஷயம் வெடித்தது, லெனோவோவே அதை நீக்கும் கருவியை வெளியிட வேண்டியதாயிற்று. உள்ளே என்ன இருக்கிறது என்று வாங்கியவர் ஒருமுறை பார்த்துவிடுவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

நீக்க மனசு வராதவற்றை டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதிக்குப் போய் டிசேபிள் மட்டும் செய்யலாம். ஆப் இருக்கும், வேண்டும்போது திறக்கும், தானாக எழுந்து உட்காராது. மீட்டிங் ஆப்கள், மியூசிக் ஆப்கள், கேம் லாஞ்சர்கள் எல்லாம் இந்த ரகம்.

கேள்வி: ‘உங்கள் கணினியில் 1,300 பிழைகள் உள்ளன’ என்று ஒரு கிளீனர் சாப்ட்வேர் காட்டுகிறது. சரிசெய்யப் பணம் கேட்கிறது. கட்டலாமா?
– வாசகர், ஆம்பூர்

கட்டாதீர்கள். நேற்று வாங்கிய கணினியில் ஓட்டினாலும் அது சில நூறு ‘பிழை’ கண்டுபிடிக்கும். அவற்றில் பெரும்பாலானவை, விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் மிச்சம் இருக்கும் பழைய பதிவுகள். லட்சக்கணக்கான பதிவுகள் கொண்ட ரெஜிஸ்ட்ரியில் ஆயிரம் வரி தேவையில்லாமல் கிடப்பதால் வேகம் குறையாது, ஆனால் தப்பான ஒரு வரியை எடுத்தால் விண்டோஸே எழுந்திருக்காமல் போகலாம். ரெஜிஸ்ட்ரி கிளீனர்களைத் தாங்கள் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாப்ட் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது.

நல்ல பெயர் எடுத்த கிளீனர் என்றால் பரவாயில்லையா என்று அடுத்த கேள்வி வரும். சிகிளீனரை விடப் பெயர் பெற்றது எது? 2017 ஆகஸ்டில் வந்த அதன் 5.33 பதிப்பில் யாரோ திருட்டுத்தனமாகத் தீங்குநிரலை நுழைத்துவிட்டார்கள், நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் இருந்தே அது இறங்கிக்கொண்டிருந்தது. செப்டம்பரில் கண்டுபிடிப்பதற்குள் சுமார் 22 லட்சம் கணினிகளுக்குப் போய்விட்டது. அப்புறம் சரிசெய்துவிட்டார்கள், அதை மறுக்கவில்லை. என் கேள்வி வேறு: குப்பையைக் குறைக்கக் கிளம்பியவர், எப்போதும் பின்னணியில் ஓடும், முழு அதிகாரம் கேட்கும் இன்னொரு சாப்ட்வேரை எதற்காக ஏற்ற வேண்டும்? தேவையில்லாத கோப்புகளைத் தானாக நீக்க விண்டோஸிலேயே ஸ்டோரேஜ் சென்ஸ் இருக்கிறது. அதை ஆன் செய்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

கேள்வி: திரையின் வலது கீழ்மூலையில் ‘5 வைரஸ்கள்! உடனே நீக்கு!’ என்று நிமிடத்துக்கு ஒரு அறிவிப்பு. ஆன்டிவைரஸ் ஓட்டினால் ஒன்றும் இல்லை என்கிறது. பார்மட் அடித்தால் போகுமா?
– கல்லூரி மாணவர், நாகர்கோவில்

போகும், ஆனால் கொசுவுக்குப் பீரங்கி. அது வைரஸ் இல்லை. ஏதோ ஒரு தளத்தில், படம் பார்க்கவோ கிரிக்கெட் பார்க்கவோ போனபோது, ‘அலவ்’ என்று அழுத்தியிருக்கிறீர்கள், அந்தத் தளத்துக்கு அறிவிப்பு அனுப்பும் உரிமை கிடைத்துவிட்டது. குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் வரும், தெரியாத பெயர்களை எல்லாம் நீக்கிவிடுங்கள். அதற்கு முன்னால் அறிவிப்பில் இருந்த இணைப்பைத் தட்டி எதையாவது இன்ஸ்டால் செய்திருந்தால் மட்டும் கதை வேறு, அதையும் நீக்கி டிஃபெண்டரில் ஃபுல் ஸ்கேன் ஓட்டுங்கள். அப்படியே எக்ஸ்டென்ஷன் பட்டியலையும் ஒரு பார்வை பாருங்கள். கணினி ஸ்லோ என்று புலம்புபவர்களில் பலருக்கு உண்மையில் பிரவுசர்தான் ஸ்லோ.

கேள்வி: ரன் பெட்டியில் டெம்ப், ப்ரீஃபெட்ச் என்று டைப் செய்து வரும் எல்லாவற்றையும் தினமும் அழிக்கச் சொல்கிறார்கள் வீடியோக்களில். சரியா?
– வாசகர், மேட்டுப்பாளையம்

டெம்ப்பை எப்போதாவது அழிக்கலாம். ப்ரீஃபெட்ச்சைத் தொடாதீர்கள், நீங்கள் அடிக்கடி திறக்கும் மென்பொருளை வேகமாகத் திறக்க விண்டோஸ் எழுதி வைத்திருக்கும் குறிப்பு அது. அழித்தால் அடுத்த முறை அது மெதுவாகத்தான் திறக்கும், பிறகு விண்டோஸ் மறுபடி எழுதிக்கொள்ளும். தினமும் அழித்தால் தினமும் எழுதும்.

சி டிரைவ் நிறைந்துவிட்டது என்பதுதான் உண்மையான பிரச்சினை என்றால் பெரிய ஆட்களைப் பிடியுங்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டர், ரீசைக்கிள் பின், செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்ப்ரரி ஃபைல்ஸ். பெரிய அப்டேட் ஒன்று நடந்திருந்தால் ‘ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்’ என்று பல ஜிபி கிடக்கும். பத்து நாளில் அது தானாகவே போய்விடும், பழைய பதிப்புக்குத் திரும்பும் எண்ணம் இல்லை என்றால் முன்னாலேயே நீக்கலாம். விண்டோஸ் ஃபோல்டருக்குள் வின்எஸ்எக்ஸ்எஸ் என்று ஒன்று பெரிதாகத் தெரியும். அதற்குள் கையால் எதையும் அழிக்க வேண்டாம்.

கேள்வி: சின்னதாக மளிகை மொத்த வியாபாரம். டேலி, ஜிஎஸ்டி எல்லாம் வீட்டுக் கணினியில்தான். ஆறு வருடமாகப் போட்டதை எல்லாம் போட்டு, எதை நீக்கினாலும் ஏதோ ஒரு எரர் வருகிறது. எஸ்எஸ்டி ஏற்கெனவே இருக்கிறது. நானே விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடலாம் என்று பார்க்கிறேன். எதை மறக்கக் கூடாது?
– வியாபாரி, விருதுநகர்

உங்களுக்குப் பார்மட் நியாயமான முடிவுதான். எஸ்எஸ்டி இருக்கிறது, நீக்கிப் பார்த்துவிட்டீர்கள், எரர் வருகிறது. விண்டோஸ் போடுவது இப்போது பெரிய வித்தை இல்லை, ஒரு மதியம் போதும். போடுவதற்கு முந்தைய நாள் செய்வதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் டேலி. லைசென்ஸை டேலிக்குள்ளேயே போய் சரண்டர் செய்யுங்கள், அதாவது இந்தக் கணினியில் இருந்து விடுவித்துவிடுங்கள். செய்யாமல் பார்மட் அடித்துவிட்டு, மறுபடி ஆக்டிவேட் செய்யும்போது மாட்டிக்கொண்டு கஸ்டமர் கேரோடு மல்லுக்கட்டும் கதை வியாபாரிகள் எல்லோருக்கும் தெரியும். டேட்டா வழக்கமாக சி டிரைவில், யூசர்ஸ், அதற்குள் பப்ளிக், அதற்குள் டேலிபிரைம், அதற்குள் டேட்டா என்ற ஃபோல்டரில் இருக்கும். சி டிரைவில்! பார்மட்டில் முதலில் போவது அதுதான். உள்ளே எண்களையே பெயராகக் கொண்ட ஃபோல்டர்கள் இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு கம்பெனி. முழு டேட்டா ஃபோல்டரையும் வெளி டிஸ்க்குக்கு எடுங்கள், டேலியின் சொந்த பேக்கப்பையும் தனியாக ஒன்று எடுங்கள். எடுத்த பிறகு முடிந்தால் வேறு கணினியில் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் கணக்கில் சேர்ப்பதில்லை.

அடுத்து டெஸ்க்டாப். முகப்பில் பரப்பி வைத்திருக்கும் பில், ஸ்கேன், எக்செல் எல்லாம் சி டிரைவில்தான் இருக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸும் அப்படியே. அவுட்லுக் வைத்திருந்தால், மெயில்களைச் சேமித்து வைக்கும் அதன் பிஎஸ்டி கோப்பு. குரோமில் சிங்க் ஆன் ஆகியிருக்கிறதா, பாஸ்வேர்டுகள் கூகுள் கணக்கில் இருக்கின்றனவா என்று போனில் திறந்து உறுதிசெய்யுங்கள். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கான டிரைவர், பிரிண்டர் டிரைவர், நெட்வொர்க் டிரைவர் மூன்றையும் பென்டிரைவில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நெட்வொர்க் டிரைவரை மறந்துவிட்டீர்கள், புது விண்டோஸில் இணையமே வரவில்லை என்றால், ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து யுஎஸ்பி டெதரிங் ஆன் செய்யுங்கள், போனின் இணையம் கணினிக்கு வந்துவிடும். கடைசியாக, இன்ஸ்டால்டு ஆப்ஸ் பட்டியலை மேலிருந்து கீழ் வரை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் இருக்கிறதா என்றும் பாருங்கள். டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி ஒன்று உண்டு, பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் சேமித்திருக்கும். வேலையை ஆரம்பிப்பதற்கு முன்னால் அதைத் தாளில் எழுதி வையுங்கள், நடுவில் கேட்டால் தேட முடியாது.

போடுவதற்கு இரண்டு வழி. சுலபமானது செட்டிங்ஸில் ரெக்கவரி, ‘ரீசெட் திஸ் பிசி’. ‘கீப் மை ஃபைல்ஸ்’ தேர்ந்தெடுத்தால் உங்கள் கோப்புகள் இருக்கும், சாப்ட்வேர் எல்லாம் போய்விடும், போனவற்றின் பட்டியலை டெஸ்க்டாப்பில் வைத்துவிட்டும் போகும். கிளவுட் டவுன்லோட் என்று கேட்டால் அதையே எடுங்கள், சுமார் 4 ஜிபி இறங்கும், ஆனால் கணினியில் ஏற்கெனவே கெட்டுப்போன கோப்புகளை வைத்துக் கட்டாமல் புதிதாக எடுத்துவரும். ‘ரிமூவ் எவ்ரிதிங்’ என்று போனால் விண்டோஸ் இருக்கும் டிரைவ் மட்டுமா, எல்லா டிரைவுமா என்று ஒரு கேள்வி எங்கோ வரும், அங்கே அவசரப்பட்டு அழுத்தி டி டிரைவையும் சேர்த்து இழந்தவர்கள் உண்டு.

இன்னொரு வழி, மைக்ரோசாப்ட் தளத்தில் மீடியா கிரியேஷன் டூல் இறக்கி, 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் விண்டோஸை ஏற்றி, அதிலிருந்து போடுவது. உங்கள் நிலைமைக்கு நான் இதைத்தான் சொல்வேன். டெஸ்க்டாப் என்றால் இரண்டாவது டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள், எந்தப் பார்ட்டிஷனை அழிப்பது என்ற பயமே இருக்காது. விண்டோஸ் லைசென்ஸ் சாவி கேட்டால் ‘என்னிடம் இல்லை’ என்று தாண்டுங்கள். இதே மதர்போர்டில் முன்பு முறையாக ஆக்டிவேட் ஆன விண்டோஸ் இணையம் வந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும். ஒரு நிபந்தனை, முன்பு விண்டோஸ் ஹோம் பதிப்பு இருந்தால் ஹோமையே போட வேண்டும். ஹோம் லைசென்ஸ் உள்ள கணினியில் ப்ரோவைப் போட்டுவிட்டு, ஆக்டிவேட் ஆகவில்லை என்று சொல்லித் திருட்டு ஆக்டிவேட்டரை ஓட்டுவது சில கடைகளின் வழக்கம். அந்த ஆக்டிவேட்டர் முதலில் செய்யச் சொல்வதே டிஃபெண்டரை அணைப்பதுதான். ஜிஎஸ்டி-யும் வங்கியும் பார்க்கும் கணினியில் இது தேவையா?

போட்ட பிறகு, போனில் எடுத்த படத்தை வைத்துக்கொண்டு அத்தனையையும் அன்றே திருப்பிப் போடாதீர்கள். பிரவுசர், டேலி, டோக்கன் டிரைவர், பிரிண்டர், ஆபீஸ் அல்லது லிப்ரே ஆபீஸ். அவ்வளவுதான் முதல் வாரத்துக்கு. மற்றதை எப்போது தேடுகிறீர்களோ அப்போது போடுங்கள். பட்டியலில் பாதியை நீங்கள் தேடவே மாட்டீர்கள் பாருங்கள்.

கேள்வி: எனது கணனியை பார்மட் செய்து தந்தார்கள். பத்து வருடமாக பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்திருந்த ஆவணங்கள் எல்லாம் இப்போது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத் தெரிகின்றன. எல்லாம் அழிந்துவிட்டதா?
– வாசகி, யாழ்ப்பாணம்

ஒன்றும் அழியவில்லை அம்மா, கவலைப்படாதீர்கள். பாமினியில் தட்டச்சு செய்யும்போது கோப்பில் பதிவாவது ஆங்கில எழுத்துகள்தான், அந்த எழுத்துகளுக்குத் தமிழ் உருவத்தை மாட்டிக் காட்டுவது எழுத்துருவின் வேலை. பார்மட்டில் எழுத்துரு போய்விட்டது, அதனால் உள்ளே இருந்தது அப்படியே வெளியே தெரிகிறது. பாமினியை மறுபடி நிறுவிய நிமிடமே எல்லாம் தமிழாகிவிடும். இதற்காகத்தான் பார்மட் அடிக்கும் முன் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் காப்பி எடுக்கச் சொல்வது. வானவில், ஸ்ரீலிபி என்று பழைய எழுத்துருக்களில் வேலை செய்யும் அச்சக நண்பர்களுக்கும் இது பொருந்தும். இந்த எழுத்துருக்களில் சிலவற்றை இன்று தேடிப் பிடிப்பதே கஷ்டம்.

ஆனால் அதோடு நிற்காதீர்கள். நேரம் கிடைக்கும்போது ஆவணங்களை, எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள், என்எச்எம் கன்வர்ட்டர், அழகி இரண்டுமே பாமினியை மாற்றித் தரும். வேர்டில் நடுநடுவே உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவையும் தமிழாக உருமாறிவிடும், அதை மட்டும் கண்ணால் ஒருமுறை பார்த்துத் திருத்த வேண்டியிருக்கும். முக்கியமானவற்றில் இருந்து ஆரம்பியுங்கள்.

தட்டச்சுக்குத் தனி மென்பொருள் இனிக் கட்டாயமில்லை. 2019 மே மாத அப்டேட்டில் இருந்து விண்டோஸ் 10-லேயே தமிழ்99-ம், ஒலிப்பு முறை விசைப்பலகையும் உண்டு, விண்டோஸ் 11-லும் அப்படித்தான். மொழி அமைப்புகளில் தமிழைச் சேர்த்தால் போதும். பாமினி விரலில் பழகியவர்கள் மட்டும் என்எச்எம் ரைட்டரைப் போட்டுக்கொள்ளுங்கள், அதில் பாமினி விசை அமைப்பிலேயே அடித்து யூனிகோடு எழுத்தைப் பெறலாம். இன்னொன்று, லதா எழுத்துரு புது விண்டோஸில் காணவில்லை என்று பலர் கேட்டிருந்தார்கள். அது இப்போது ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் பட்டியலில் தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ் என்ற பெயரில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே சேர்த்தால் லதாவும் விஜயாவும் வந்துவிடும்.

கேள்வி: தம்பிக்குப் பள்ளியில் கொடுத்த அரசு மடிக்கணினி, 4 ஜிபி ராம். விண்டோஸ் 11 ஏறாது என்கிறது. தூக்கிப் போட வேண்டியதுதானா?
– வாசகி, தர்மபுரி

தூக்கிப் போட வேண்டாம். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய சிபியு வேண்டும். குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன் என்பார்கள், ஏறும், ஆனால் அப்படி ஏற்றியதற்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாப்ட் உறுதி தருவதில்லை. தவிர 4 ஜிபி ராமில் அது படுத்தும் பாட்டை நீங்கள் பொறுக்க மாட்டீர்கள். விண்டோஸ் 10-க்கு வீட்டுப் பயனர்களுக்கான நீட்டிப்புத் திட்டம் ஒன்றை 2026 அக்டோபர் 13 வரை அறிவித்தார்கள், அது தற்காலிக ஏற்பாடுதான்.

இந்த மாதிரிக் கணினிக்கு, விண்டோஸுக்குப் பதிலாக ஓடக்கூடிய லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டுப் பாருங்கள். இலவசம், குறைந்தது 2 ஜிபி ராம் போதும் என்கிறார்கள், 4 இருந்தால் தாராளம். நிறுவாமலேயே பென்டிரைவில் இருந்து ஓட்டிப் பார்க்கலாம், வைஃபை, சவுண்டு, டச்பேட் எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். பிரவுசர், லிப்ரே ஆபீஸ், வீடியோ, தமிழ்99 எல்லாம் உண்டு. டேலியோ, விண்டோஸில் மட்டும் ஓடும் கல்லூரி மென்பொருளோ வேண்டும் என்றால் இது சரிவராது. அரசு மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு, பாஸ் (BOSS) என்ற இந்திய லினக்ஸும் சேர்த்தே வந்தது ஞாபகம் இருக்கலாம், அந்தப் பக்கம் திறந்தே பார்க்காதவர்கள்தான் நிறையப் பேர்.

கேள்வி: தினமும் ராத்திரி ஒழுங்காக ஷட் டவுன் செய்கிறேன். ஆனால் டாஸ்க் மேனேஜரில் ‘அப் டைம்’ பதினோரு நாள் என்று காட்டுகிறது. யாராவது என் கணினியை ரகசியமாக ஓட்டுகிறார்களா?
– வாசகர், தாம்பரம்

பேயும் இல்லை, ஹேக்கரும் இல்லை. விண்டோஸ் 8-ல் இருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒரு வசதி இருக்கிறது. ஷட் டவுன் அழுத்தினால் உங்கள் மென்பொருள்கள் மூடப்படும், ஆனால் விண்டோஸின் உள்மையம் மூடப்படாமல் அப்படியே டிஸ்க்கில் எழுதி வைக்கப்படும், மறுநாள் அதையே எடுத்து வந்து தொடரும். அதனால்தான் நாள் கணக்கு நிற்காமல் ஓடுகிறது. டிரைவர் ஏதாவது குழம்பியிருந்தால் அந்தக் குழப்பமும் மறுநாள் கூடவே வரும். ரீஸ்டார்ட் அழுத்தினால் மட்டும் எல்லாம் முழுதாக மூடிப் புதிதாக ஆரம்பிக்கும், ஆகவே ஏதாவது கோளாறு என்றால் ஷட் டவுன் செய்து எழுப்பாமல் ரீஸ்டார்ட் கொடுங்கள். இந்த வசதியே வேண்டாம் என்றால் கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், ‘பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும்’ என்ற பகுதியில் டிக்கை எடுத்துவிடலாம். எஸ்எஸ்டி உள்ள கணினியில் அதனால் கூடுவது சில நொடிகள்தான், ஹார்டு டிஸ்க் என்றால் அப்படியே விட்டுவிடுங்கள்.